ஏவிஸின் பங்கு

ஆல்டன் துறையில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆண் பெண் எல்லோருடைய கண்ணும் தாமசினின் இடுப்பில்தான் இருந்தது. தப்பாக ஒன்றும் இல்லை. பசியில் கிடக்கிறவனுக்கு அந்த நினைப்பெல்லாம் வருமா? அவள் இடுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியைத்தான் பார்த்தார்கள். கிடங்குச் சாவி. கிடங்கில் மாவு இல்லை, பட்டாணி இல்லை, உப்புக்கண்டம் இல்லை. எலிகூட இல்லை, இருந்ததையெல்லாம் தின்றாயிற்று. பரணில் மட்டும் மக்காச்சோளக் கதிர்கள் ஜடை ஜடையாகப் பின்னித் தொங்கின. அவை விதைக்கதிர்கள். ஓக் மரத்துத் தளிர் அணில் காது அளவுக்கு வந்ததும் மண்ணுக்குள் போக வேண்டியவை. அதற்கு முன்னால் அதில் கை வைக்கிறவனுக்குத் தூக்கு என்று, மணியில்லாத சர்ச்சின் வாசலில் நின்று தலைவர் ஹம்ஃப்ரி லேன்யன் சொல்லியிருந்தார்.

அந்தச் சாவி முதலில் தாமசினின் புருஷன் ஆம்ப்ரோஸிடம் இருந்தது. போன வசந்தத்தில் ஒரு காலை வேளையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் எல்லாவற்றின் மீதும் பாய்ந்தார்கள். அவர்கள் வேட்டையாடிய காட்டை வெட்டி, அவர்கள் சோளம் போட்ட நிலத்தை வளைத்து, வாசல்படி வரைக்கும் புகையிலை நட்டுக்கொண்டே போனால் அவர்கள் எத்தனை நாள்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆம்ப்ரோஸ் புகையிலை வரிசைக்கு நடுவே செத்துக் கிடந்தான். சாவி யாருக்கு என்று ஆண்கள் கூடிப் பேசியபோது ஒருவனுக்கும் இன்னொருவன் மேல் நம்பிக்கை இல்லை. கடைசியில் தாமசினிடம் கொடுத்தார்கள். சொந்தப் பெண்ணுக்குக்கூட ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றாதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. பாழாய்ப் போன பெயர்.

இத்தனை நிலம் இருந்தும் பசி ஏன் வந்தது என்றால், புகையிலையால்தான் வந்தது. லண்டனில் புகையிலைக்கு விலை உண்டு, சோளத்துக்கு இல்லை. ஆகவே சோளத்தை யார் போடுவது? மாவையும் வெண்ணெயையும் கப்பல் கொண்டுவரும். இவர்களைக் குடியேற்றிய லண்டன் கம்பெனி அனுப்பும். தாய்நாடு கைவிடுமா? இங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். பேர்தான் வர்ஜீனியா, இருந்த இடத்தில் கால் ஊன்றாமல், கழுத்தை ஆற்றின் வளைவுப் பக்கம் திருப்பியே வைத்துக்கொண்டு வாழ்ந்த ஊர் அது. இருந்த கொஞ்சநஞ்சச் சோளக்கொல்லையும் சண்டையில் எரிந்தது. மீன் இருக்கிறதே என்பார்கள் தெரியாதவர்கள். வலை மக்கிப்போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. புது வலையும் கப்பலில்தான் வரவேண்டும்.

தாமசினின் பெண் ஏவிஸ் இங்கேயே பிறந்தவள். நாலு வயசு. பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வயிறு ஊதி, கால் குச்சியாகி, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. தாமசினின் வீடு கிடங்கோடு ஒட்டியது. இடைச்சுவர் பரண் வரைக்கும் எட்டாது. படுத்தபடியே பார்த்தால் பலகை இடுக்கில் மஞ்சள் கதிர்கள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. மெல்ல மாட்டேன். சும்மா வாயில வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"அது விதைடி, கண்ணு. கேக்கக் கூடாது."

அதற்கு முந்தின வாரம்தான் தச்சன் மனைவி தன் பிள்ளைக்காக வந்து காலில் விழுந்திருந்தாள். அவளிடமும் தாமசின் இதையேதான் சொன்னாள். அவளுக்கு இல்லை என்றது தனக்கு மட்டும் எப்படி உண்டாகும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்று நாள் பல்லைக் கடித்தாள். ஒரு மணியைப் பிய்த்துக் கொடுத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்காது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்டது கிடைத்தது என்ற நிறைவோடாவது போயிருக்கும்.

ஏவிஸ் போன அன்று மண் உறைந்து கிடந்தது. தோண்டியவர்களிடமும் தெம்பு இல்லை, ஆழமாகத் தோண்டவில்லை. சர்ச்சுக்குப் பின்னால், மரவேலியை ஒட்டி ஒரு சின்ன மேடு எழுந்தது. வீட்டுக்கு வந்த தாமசின் பரண் ஏறி, ஒரு கதிரிலிருந்து ஒரு பிடி மணிகளை உதிர்த்து, குழந்தையின் துணிக்குல்லாயில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு அதுதான். திருட்டு என்று அவள் நினைக்கவில்லை. ஏவிஸின் பங்கு என்று நினைத்தாள். உயிரோடு இருந்தபோது கொடுக்காத பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

ஏப்ரலில் ஓக் மரங்கள் மொட்டு விட்டன. தளிர் இன்னும் அணில் காது ஆகவில்லை, எலிக் காது அளவுதான். ஊரில் பாதிப்பேர் கண்ணை மூடியிருந்தார்கள். மீதிப் பாதி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அப்படி ஒரு காலையில் ஆற்றின் வளைவுக்கு அந்தப் பக்கம் பீரங்கி ஒன்று வெடித்தது. பவ்ஹாட்டன்களிடம் பீரங்கி கிடையாது. கப்பல்தான்.

நடக்க முடியாதவர்கள் ஓடினார்கள். சுவரைப் பிடித்திருந்தவர்கள் சுவரை விட்டார்கள். தச்சன் மனைவி தாமசினைக் கட்டிக்கொண்டு அழுதாள், பழையதையெல்லாம் மறந்து. ஆல்டன் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் உண்டான நாளிலிருந்து, கப்பல் வந்தால் துறைமேட்டில் பெரிய பானையை ஏற்றி, இறங்குகிறவர்களுக்குச் சூடாக ஒரு கிண்ணம் கொடுத்துத்தான் உள்ளே கூட்டி வருவார்கள். கடலில் கிடந்து காய்ந்து வருகிற நம் ஊர்ச் சனத்துக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? கப்பல் பானை என்று அதற்குப் பெயரே இருந்தது. போட்டதைப்போல நூறு மடங்கு கப்பலிலிருந்து இறங்கும் என்பதால் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

தலைவர் லேன்யன் கிடங்குக்கு வந்து நின்று கையைப் பிசைந்தார். பானையில் போட ஊரில் ஒன்றும் இல்லை, பரணில் இருப்பதைத் தவிர. அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தூக்கு என்று சொன்னவர் அவர்தானே.

பார்னபி என்று ஒரு பீப்பாய்க்காரன் இருந்தான், எதற்கெடுத்தாலும் நக்கல் பேசுகிறவன். செத்துக்கொண்டிருந்தவர்களையே சிரிக்க வைத்தவன் என்பதால் அவன் பேச்சை யாரும் பேச்சாக எடுப்பதில்லை. அவன் கிடங்கு வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "முதல்ல கப்பல்லேந்து பீப்பா இறங்கட்டும், அப்புறம் பானை ஏறட்டும். அவசரம் என்ன? பசி எங்கயும் ஓடிப் போயிடாது, நம்மகிட்ட நல்லாப் பழகிடுச்சு."

சிரித்தார்கள், அவ்வளவுதான். தாமசினும் சிரித்தாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தாய்நாடு வந்துவிட்டது. தான் காத்தது வீணாகவில்லை. பெண்ணைக் கொடுத்துக் காத்தது வீணாகவில்லை. இனி விதைக்குக்கூடக் கப்பலில் கோதுமை இருக்கும். இப்படித்தான் அவள் மனசு ஓடியது. சாவியை அவளே திருகினாள், பரணிலும் அவளேதான் ஏறினாள்.

இரண்டு ஜடைகளை மட்டும் எடுப்பதாகத்தான் எண்ணம். முதல் ஜடை கீழே வந்ததும், அதிலிருந்து தெறித்த மணிகளை மண்ணோடு அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பின்னால் நின்றவர்களும் ஏணியில் ஏறிவிட்டார்கள். அவள் தடுக்கவில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அன்று அவள் தடுத்திருந்தால் கேட்டிருப்பார்கள். அவள் சொல்லுக்கு அந்த மரியாதை இருந்தது. பிற்பாடு அவளை அறுத்துக்கொண்டே இருந்தது அந்த ஒரு நினைப்புதான். கஞ்சி கொதிக்கும் முன்பே பாதிக் கதிர்கள் பச்சையாகவே வயிற்றுக்குள் போயிருந்தன.

படகுகள் கரைக்கு வந்தன. இறங்கியவர்கள் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். வெளுத்துப்போய், உதடு வெடித்து, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மரக்கிண்ணம் இருந்தது. கரையில் நின்றவர்கள் கையிலும் கிண்ணம் இருந்தது. இரண்டு கூட்டமும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

கப்பல் தலைவன் நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. கொண்டுவந்த மாவு வழியிலேயே தீர்ந்துவிட்டது, காற்று சரியில்லை என்றான். கம்பெனி கொடுத்தனுப்பிய சாமான் என்னவோ இருக்கிறது என்றான். அதை இறக்கினார்கள். சர்ச்சுக்கு ஒரு வெண்கல மணி. ஒரு பெட்டி நிறையப் பட்டுப்பூச்சி முட்டை. வர்ஜீனியாவில் பட்டு நெய்யலாம் என்று லண்டனில் யாருக்கோ யோசனை. அந்தப் பூச்சி தின்பதற்குக் கொஞ்சம் முசுக்கொட்டைக் கன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டிய புளித்த பீர். உணவுப்பொருள் எல்லாம் அடுத்த கப்பலில் வருகிறதாம். ஜனங்களை முதலில் அனுப்புவோம், அங்கேதான் சோளம் மலிந்து கிடக்கிறதே என்று கம்பெனி முடிவு செய்ததாம்.

"மலிஞ்சு கிடக்குதுன்னு யாருய்யா சொன்னது?" என்று லேன்யன் கேட்டார்.

"நீங்கதான். போன வருஷம் ஆள் மேல ஆள் சொல்லி அனுப்பினீங்களே, எல்லாரும் சுகம், குறை ஒண்ணும் இல்லைன்னு."

குறை என்று தெரிந்தால் கம்பெனியில் பணம் போட்டவர்கள் கழன்றுகொள்வார்கள் என்று, நல்லதை மட்டும் சொல்லி அனுப்பச் சொன்னவர் லேன்யனேதான். பார்னபி மட்டும் மணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சத்தம், சாவுக்கு அடிக்க ஆகும் என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பானையில் இருந்ததை எல்லோருக்கும் ஊற்றினார்கள். பிறகு என்ன, வழக்கம் வழக்கம்தானே. ஆளுக்கு ஒரு வாய் வந்தது. அதோடு ஆல்டன் துறையின் அடுத்த வருஷம் தீர்ந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் "தாமசின் அக்கா யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிஸ்லி. இருபது வயசு சொல்லலாம். சோமர்செட்டில் தாமசினின் சொந்த ஊர்க்காரி. தாமசின் கல்யாணமாகிக் கப்பலேறியபோது ஊர்க் கிணற்றடியில் மூக்கொழுக நின்ற குழந்தை. அவள் ஏன் கிளம்பினாள் என்பதை அவளே மூச்சுவிடாமல் சொன்னாள். முதல் வருஷம் தாமசின் ஒரு மாலுமியிடம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாளே, இங்கே வேலைக்காரியும் மான்கறி தின்கிறாள் என்று, அதை அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாளாம். அதைக் கேட்டுத்தான் சிஸ்லி ஏழு வருஷ அடிமைக்கூலிக்குக் கைநாட்டு வைத்துக் கப்பலேறினாள். அந்த வருஷம் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர்கள் மான்கறி தின்றது உண்மைதான்.

"உங்க அம்மா குடுத்தாங்க, அக்கா. பேத்திக்காம். அளவு தெரியல, வளர்ற பிள்ளைன்னு கொஞ்சம் பெருசாவே பின்னிருக்காங்க" என்று சிஸ்லி ஒரு ஜோடி சிவப்புக் கம்பளிக் காலுறைகளை நீட்டினாள்.

தாமசின் அவற்றை வாங்கிக்கொண்டாள். பேத்தி எங்கே என்று சிஸ்லி கேட்டபோது சர்ச்சுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். சிஸ்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். நல்ல பெண். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவளைத் தாமசின் வீட்டில்தான் வைத்தார்கள்.

ஓக் தளிர் அணில் காது அளவுக்கு வந்தது. நட ஒன்றும் இல்லை. ஆண்கள் புகையிலை நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். சோளக்கொல்லை இருந்த இடத்திலும் அதையே நட்டார்கள். நிலம் சும்மா கிடக்கவா? அந்த வருஷம் புகையிலை அப்படி வந்தது, இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். அதற்கு நடுவே, கப்பலில் வந்த புது ஆட்கள் இரண்டும் மூன்றுமாகச் செத்தார்கள். மணி தினமும் அடித்தது.

அப்போதுதான் தாமசினுக்குப் பெட்டியின் அடியில் இருந்த குல்லாய் நினைவுக்கு வந்தது. மறந்திருந்தாள் என்றில்லை. அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் இருந்தாள். இப்போது எடுத்துப் பிரித்தாள். ஒரு பிடி மணிகள், பல் பல்லாக, பளபளப்பு மங்காமல் இருந்தன. இந்த ஊரில் மிச்சமிருந்த விதை அவ்வளவுதான்.

எங்கே நடுவது? கொல்லையில் நட்டால் இரவோடு இரவாகத் தோண்டித் தின்றுவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. சோளத்துக்கு மண்ணைக் குவித்து மேடு போட வேண்டும் என்று நல்ல காலத்தில் பவ்ஹாட்டன் பெண்கள் காட்டிக்கொடுத்திருந்தார்கள். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு மேடு ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் தோண்ட மாட்டார்கள். விடியற்காலையில் ஜெபத்துக்குப் போகிறவளைப் போலப் போய், விரலால் குழி போட்டு, ஒவ்வொரு மணியாக உள்ளே தள்ளி மூடினாள். "உன்னுதுதான்டி. பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

முளைத்தது. முக்கால்வாசி மழையில் அழுகிப்போயும் ஏழெட்டுக் குருத்து மேலே வந்தன. தாமசின் அவற்றைக் கண்ட காலை, ஊருக்குக் கேட்காமல் அழுதாள். ஒரு செடிக்கு இரண்டு கதிர், ஒரு கதிருக்குக் கைகொள்ளாத மணி. அறுவடை வரைக்கும் யாராவது உயிரோடு இருந்தால் அடுத்த வசந்தத்துக்கு ஊருக்கே விதை இருக்கும். பரணைத் திறந்து தான் தொலைத்ததைத் தானே திருப்பிக் கொடுத்துவிடலாம். அவளுடைய உலகமே அந்த ஏழெட்டுக் குருத்துக்குள் போய்ச் சுருங்கிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. பசித்தவனிடம் சொல்லலாமா? மறைப்புக்காக மேட்டின் மேல் புல்லை வளரவிட்டாள். புல் முழங்காலுக்கு வந்தது, சோளமும் அதற்குள்ளேயே ஒளிந்து வளர்ந்தது. ஊரில் சிலர் பேசினார்கள். பெற்ற பிள்ளையின் கல்லறையில் புல் மண்டிக் கிடக்கிறது, இவளுக்கு மனசே இல்லையே என்று. பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிஸ்லியால் மட்டும் அப்படி விட முடியவில்லை. அவர்கள் ஊரில் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின நாள் குழந்தைகளின் கல்லறையை ஒரு புல் இல்லாமல் செதுக்கி, மண்ணை மாவு பிசைந்த மாதிரி வழவழப்பாகத் தட்டி, வெள்ளைப் பூ வைப்பார்கள். புல் வளர்ந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று ஒரு நம்பிக்கை. தாமசினும் அந்த ஊரில் பிறந்தவள்தானே, அவளுக்குத் தெரியாதா? திருநாள் நெருங்கியபோது சிஸ்லி மெல்லக் கேட்டாள்.

"புல்லெல்லாம் எடுத்துடலாமாக்கா?"

"வேணாம் சிஸ்லி. அங்க கை வைக்க எனக்கு மனசு வரல. அப்படியே இருக்கட்டும்."

அது பொய். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். சிஸ்லியின் கண் கலங்கியது. அக்காவின் வேதனை அவளுக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் கப்பல் திரும்பக் கிளம்பியது. வயிறு நிறையப் போன வருஷத்துப் புகையிலையை ஏற்றிக்கொண்டு. எழுதத் தெரியாதவர்கள் துறைமேட்டில் வரிசையாக நின்று, தாய்நாட்டில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கப்பல் தலைவனிடம் சொன்னார்கள். பக்கத்திலேயே லேன்யன் நின்றார். அவர் நின்றதே போதும். நானும் சுகம், பிள்ளைகளும் சுகம் என்று பிள்ளைகளைப் புதைத்தவர்கள் சொன்னார்கள். பார்னபி தன் முறை வந்தபோது, நான் இளைத்துக் கொடிபோல் அழகாக இருக்கிறேன் என்று என் மாமியாரிடம் சொல்லுங்கள் என்றான்.

தாமசின் ராத்திரியெல்லாம் தீர்மானித்து வைத்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். யாரையும் அனுப்பாதே அம்மா, என் பேச்சைக் கேட்டு யாரும் வராதீர்கள் என்று. கப்பல் தலைவன் முன்னால் வந்து நின்றாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவன் சிரித்த முகமாக, "உங்க அம்மா என்கிட்டயும் சொன்னாங்க, காலுறை பத்துச்சான்னு கேட்டு வரச் சொல்லி" என்றான்.

அவளுக்கு அம்மாவின் விரல்கள் கண்ணுக்குள் வந்தன. கண் பாதிக் குருடு, விரலெல்லாம் கீல்வாதம். அந்த விரலால் பின்னியது. அந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வது? அதுவும் இப்போது, மேட்டின் மேல் பச்சை நிற்கும்போது. இந்த அறுவடை வந்துவிட்டால் சொன்ன பொய் உண்மையாகிவிடாதா என்றும் ஒரு நினைப்பு. நம்பிக்கை வந்தால்தான் மனுஷன் துணிந்து பொய் சொல்கிறான்.

"பத்துது, சரியா இருக்குன்னு சொல்லுங்க. நாங்க நல்லா இருக்கோம்."

பின்னால் நின்றவன் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தான். அவள் நகர்ந்துவிட்டாள். படகு கப்பலுக்குப் போனது. தண்ணீர் இறங்கும் நேரம், கப்பல் பாய் விரித்தது.

சர்ச்சுப் பக்கமாகத்தான் வீட்டுக்கு வழி. தூரத்திலிருந்தே அவளுக்கு ஏதோ மாதிரி இருந்தது. மரவேலிக்கு அடியில் எப்போதும் பச்சையாகத் தெரிகிற இடம் வெளுப்பாகத் தெரிந்தது. கிட்டே போனாள். மேடு வழவழப்பாக, மாவு பிசைந்த மாதிரி இருந்தது. நடுவில் காட்டுப்பூ, வெள்ளைப்பூ, ஒரு கொத்து. சிஸ்லி முழங்காலில் உட்கார்ந்து, மண்ணை உள்ளங்கையால் கடைசித் தட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் முகம் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக மலர்ந்திருந்தது.

"நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு ஓடி ஓடிச் செஞ்சேன்க்கா. உங்களுக்குத்தான் மனசு வரல, எனக்கென்ன. உங்க அம்மா இங்க இருந்தா செஞ்சிருப்பாங்கல்ல?"

தாமசின் மேட்டைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வேலியோரம் பிடுங்கிய புல் ஒரு குவியலாகக் கிடந்தது. அதன் பக்கம் போய்க் கையால் அளைந்தாள். வெறும் புல்.

"நடுவுல தடிசா இருந்துச்சே, அது எங்க?"

"அந்தக் கோரை மாதிரி இருந்துச்சே, அதுவா? வேர் விடவே மாட்டேன்னுச்சுக்கா, மண்ணோட தோண்டித்தான் எடுத்தேன். குருத்து இளசா இருந்துச்சு, வீணாக்குவானேன்னு நறுக்கி எல்லாருக்கும் கொதிக்கிற பொதுப் பானையில போட்டுட்டேன். இப்ப கொதிச்சிருக்கும்."

சோமர்செட்டில் சோளம் விளைவதில்லை. அதன் மணியை அவள் கப்பல் பானையில் ஒரு வாய் தின்றிருக்கிறாள். செடியை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க இந்த ஊரில் ஒரு செடியும் இல்லை.

தாமசினுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. மண்ணில் விழுந்து புரள வேண்டும் போலவும் இருந்தது. எதற்கும் உடம்பில் வலு இல்லை. சிஸ்லியின் நகக்கண்ணெல்லாம் மண் ஏறி, ஒரு விரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பசித்த உடம்போடு ஒரு காலைப்பொழுது முழுக்க, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக உழைத்திருக்கிறாள். அவளிடம் என்னவென்று சொல்வது? சொன்னால் இந்தப் பெண் மீதி நாளை எப்படி வாழ்வாள்? மீதி நாள் என்று ஒன்று இருந்தால்.

"நல்லாச் செஞ்சிருக்க" என்றாள். "நம்ம ஊர்ல செய்ற மாதிரியே இருக்கு."

மணி அடித்தது. இது சாவுக்கு அல்ல, சாப்பாட்டுக்கு. பொதுப் பானையைச் சுற்றி எல்லோரும் கிண்ணத்தோடு நின்றார்கள். கீழே ஆற்றில் கப்பல் வளைவைத் தாண்டுமுன் ஒரு பீரங்கி வெடித்து விடைபெற்றது. நாலைந்து பேர் கையசைத்தார்கள். அடுத்த கப்பலில் வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். வரும்தான். தாமசினின் அம்மா, காலுறை சரியாக இருக்கிறது என்ற செய்தியைத் தெருவெல்லாம் சொல்லுவாள். கேட்டுவிட்டு அந்தத் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் மூட்டை கட்டுவார்கள். கூப்பிட்டு நிறுத்த இனிக் கப்பல் எட்டாது.

அகப்பையில் வந்தது வெந்நீர்தான், அதில் இரண்டு மூன்று பச்சை நறுக்கு. சிஸ்லி தன் கிண்ணத்தை உறிஞ்சிவிட்டுத் திரும்பினாள்.

"கொஞ்சம் இனிப்பா இல்ல, அக்கா?"

"ஆமா, இனிப்பா இருக்கு" என்றாள் தாமசின். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த கடைசி நறுக்கை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் மெல்லவில்லை.